சரிகைக் கரை தந்த மகாராணி

வட நாட்டுக் கலியாண வீட்டுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். மணப்பெண் தலையில் முக்காடு போட்டிருப்பாள். அந்த முக்காட்டின் ஓரம் முழுவதும் பொன்னிறத்தில் ஒரு பட்டை மின்னும். அது விரல் அகலம்தான் இருக்கும். ஆனாலும் பெண் பந்தலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அதற்குக் கினாரி என்று பெயர். கினாரி என்றால் கரை. பட்டு நூலும் சரிகையும் சேர்த்துச் செய்த நாடா அது. முக்காட்டிலும், பாவாடையிலும், ரவிக்கையிலும் அதை வைத்துத் தைப்பார்கள்.

இந்தச் சரிகைக் கரையைப் பிரபலமாக்கியவர் ஒரு மகாராணி. அவர் பெயரில் நாணயம் வெளிவந்தது. அவர் துப்பாக்கி எடுத்துப் புலி சுட்டார். யானை மீது ஏறிப் போருக்குப் போனார். எத்தனையோ ஏழைப் பெண்களுக்குக் கலியாணம் செய்து வைத்தார். கடைசிக் காலத்தில், சரிகை இல்லாத வெள்ளைத் துணி உடுத்தி 18 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தார்.

அவர்தான் நூர்ஜஹான். அவருடைய கதையைப் பார்ப்போம்.

வழியில் பிறந்த குழந்தை

பாரசீக நாட்டில் கியாஸ் பேக் என்று ஒருவர் இருந்தார். நல்ல குடும்பம். நன்றாகப் படித்தவர். அவருடைய தகப்பனார் யஜ்து என்ற நகரத்தில் மந்திரியாக இருந்தவர். யஜ்து பட்டுக்கும் சரிகைத் துணிக்கும் பெயர் போன ஊர்.

தகப்பனார் இறந்ததும் குடும்பம் நொடித்துப் போயிற்று. கியாஸ் பேக் பிழைப்புத் தேடி இந்தியாவுக்குப் புறப்பட்டார். அப்போது இந்தியாவில் அக்பர் சக்கரவர்த்தி ஆண்டுகொண்டிருந்தார்.

கியாஸ் பேக்கின் மனைவி அஸ்மத் பேகம் நிறைமாதக் கர்ப்பிணி. கூடவே சிறு பிள்ளைகள். வழியில் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். இருந்ததை எல்லாம் பறித்துக்கொண்டார்கள். இரண்டு கோவேறு கழுதைகள்தான் மிச்சம்.

கந்தஹார் என்ற ஊரை அடைந்தபோது அஸ்மத் பேகத்துக்குப் பிரசவ வலி எடுத்தது. பெண் குழந்தை பிறந்தது. அது 1577-ம் ஆண்டு. குழந்தைக்கு மெஹருன்னிசா என்று பெயர் வைத்தார்கள்.

வறுமை தாங்காமல் குழந்தையை வழியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள் என்றும், பிறகு மனம் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அது பிற்காலத்தில் கட்டிய கதை. ஆனால் அந்தக் குடும்பம் அப்போது பட்ட கஷ்டம் உண்மை.

வியாபாரக் கூட்டத்தின் தலைவர் ஒருவர் அவர்களுக்கு உதவி செய்தார். கியாஸ் பேக்கை அக்பரிடம் அழைத்துப் போனார். அக்பர் வேலை கொடுத்தார். கியாஸ் பேக் கணக்கில் புலி. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். படிப்படியாக உயர்ந்தார். காபூலில் திவான் ஆனார். பிறகு அரண்மனைத் தொழிற்கூடங்களின் கணக்கும் அவரிடம் வந்தது.

தொழிற்கூடம் என்றால் சாதாரணமானது அல்ல. லாகூர், ஆக்ரா, பதேபூர், ஆமதாபாத் ஆகிய ஊர்களில் அக்பர் துணித் தொழிற்கூடங்கள் வைத்திருந்தார். பாரசீகத்திலிருந்து கைதேர்ந்த நெசவாளர்களை வரவழைத்திருந்தார். உள்ளூர்க்காரர்கள் அவர்களிடம் தொழில் கற்றார்கள். பட்டு, சரிகை, சால்வை, பூவேலை எல்லாம் அங்கே நடந்தன.

இப்படிப்பட்ட வீட்டில் மெஹருன்னிசா வளர்ந்தாள். எழுதப் படிக்கக் கற்றாள். ஊசியும் நூலும் அவள் கைக்குப் பழகின.

முதல் கலியாணம்

17 வயதில் மெஹருன்னிசாவுக்குக் கலியாணம் ஆயிற்று. ஆண்டு 1594. மாப்பிள்ளை பெயர் அலி குலி. அவரும் பாரசீகத்துக்காரர்தான். பெரிய வீரர். அவருக்கு ஷேர் ஆப்கன் என்ற பட்டம் கிடைத்தது. புலியை வீழ்த்தியவர் என்பது அதன் பொருள்.

ஷேர் ஆப்கனுக்கு வங்காளத்தில் பர்துவான் என்ற இடத்தில் ஜாகீர் கிடைத்தது. கணவனும் மனைவியும் அங்கே போய் வாழ்ந்தார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. லாட்லி என்று செல்லமாகப் பெயர் வைத்தார்கள்.

1605-ல் அக்பர் இறந்தார். அவர் மகன் சலீம் பட்டத்துக்கு வந்தார். ஜஹாங்கீர் என்று பெயர் சூட்டிக்கொண்டார்.

1607-ல் வங்காள கவர்னர் குத்புதீன், ஷேர் ஆப்கன் மீது சந்தேகம் கொண்டு பர்துவானுக்கு வந்தார். பேச்சு முற்றியது. கத்தி வெளியே வந்தது. ஷேர் ஆப்கன் கவர்னரை வெட்டினார். கவர்னரின் ஆட்கள் ஷேர் ஆப்கனை வெட்டினார்கள். இருவரும் இறந்தார்கள்.

30 வயதில் மெஹருன்னிசா விதவை ஆனாள். கையில் சின்னக் குழந்தை. இருவரையும் ஆக்ராவுக்கு அனுப்பி வைத்தார்கள்.

அந்தப்புரத்தில் 4 ஆண்டுகள்

ஆக்ரா அரண்மனையில் அக்பரின் மூத்த மனைவி ருகையா பேகம் இருந்தார். அவருக்குத் துணையாக மெஹருன்னிசா சேர்க்கப்பட்டாள்.

அவள் நிலைமை எப்படி இருந்திருக்கும்? கணவன் கொன்றது சாதாரண ஆளை அல்ல. குத்புதீன், ஜஹாங்கீருடன் ஒரே தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர். பாதுஷாவுக்கு உடன்பிறந்தவர் போல. அவரைக் கொன்றவரின் மனைவி, அதே பாதுஷாவின் அரண்மனையில் தலை குனிந்து வாழ வேண்டியிருந்தது.

இந்த 4 ஆண்டுகளைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. மெஹருன்னிசாவுக்கு அரண்மனையில் கொடுத்த படி மிகக் குறைவாம். அது அவளுக்குப் போதவில்லையாம். அவள் பட்டுத் துணியில் பூவேலை செய்தாள். சேலைக்கும் அங்கிக்கும் புதுப் புது மாதிரிகள் வரைந்தாள். தன் பணிப்பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தாள். அந்தத் துணிகளை அந்தப்புரத்துப் பெண்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

ஒரு நாள் பாதுஷா அவள் இருந்த பக்கம் வந்தாராம். பணிப்பெண்கள் பளபளக்கும் சரிகை உடையில் நின்றார்களாம். மெஹருன்னிசா மட்டும் வெறும் வெள்ளை மஸ்லின் உடுத்தியிருந்தாளாம்.

இந்தக் கதை அவள் காலத்துக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி எழுதப்பட்டது. முழுவதும் நடந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் துணியிலும் பூவேலையிலும் அவளுக்கு இருந்த கெட்டிக்காரத்தனம் கதை அல்ல. பின்னால் வந்த சரித்திரம் அதைக் காட்டுகிறது.

உலகத்தின் ஒளி

1611-ல் வசந்த காலம். அரண்மனையில் புத்தாண்டு விழா நடந்தது. அப்போது ஜஹாங்கீர் மெஹருன்னிசாவைப் பார்த்தார். அதே ஆண்டு மே மாதம் அவளை மணந்துகொண்டார்.

மணப்பெண்ணுக்கு வயது 34. ஏற்கெனவே கலியாணம் ஆனவர். ஒரு பெண்ணுக்குத் தாய். அந்தக் காலத்தில் அந்த வயதுப் பெண்ணின் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். அவருக்கோ அப்போதுதான் தொடங்கிற்று.

ஜஹாங்கீர் முதலில் நூர்மஹல் என்று பெயர் கொடுத்தார். அரண்மனையின் ஒளி என்று பொருள். 1616-ல் நூர்ஜஹான் என்று மாற்றினார். உலகத்தின் ஒளி என்று பொருள்.

ஜஹாங்கீர் கலை ரசிகர். நீதிமான். ஆனால் குடிப்பழக்கமும் அபினிப் பழக்கமும் அவரை விடவில்லை. உடம்பு தளர்ந்தது. ராஜ்ய பாரம் கொஞ்சம் கொஞ்சமாக நூர்ஜஹான் கைக்கு வந்தது.

அவர் பெயரில் உத்தரவுகள் போயின. ஆக்ரா, லாகூர், பாட்னா, சூரத் முதலிய ஊர்களில் அவர் பெயர் பொறித்த தங்க, வெள்ளி நாணயங்கள் அச்சாயின. மொகலாய வம்சத்தில் வேறு எந்த ராணிக்கும் இந்தப் பெருமை கிடைக்கவில்லை.

வேட்டையிலும் அவர் சளைத்தவர் அல்ல. 1617-ல் ஒரு நாள் யானை அம்பாரியில் இருந்தபடியே 4 புலிகளைச் சுட்டார். செலவான குண்டுகள் 6 மட்டுமே. ஜஹாங்கீர் மகிழ்ந்து போனார். லட்சம் ரூபாய் பெறும் வைர வளையல்களைப் பரிசாகக் கொடுத்தார். இதைத் தம் நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார்.

நூர்ஜஹானுக்கு வியாபாரமும் தெரியும். ஆக்ராவுக்கு எதிரே யமுனையின் அக்கரையில் ஒரு சுங்கத்துறை இருந்தது. வங்காளத்துப் பருத்தித் துணியும், பாட்னாப் பட்டும் அங்கே வந்து இறங்கும். நூர்ஜஹானின் அதிகாரிகள் சுங்கம் வாங்கிய பிறகுதான் அவை ஆற்றைக் கடக்கும். அந்தக் காலத்தில் ஆக்ராவில் இருந்த பெல்சார்ட் என்ற டச்சு வியாபாரி இதை எழுதியிருக்கிறார். எந்தத் துணி எங்கிருந்து வருகிறது, என்ன விலை போகிறது என்பது மகாராணிக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

பாதுஷாவுக்கு மட்டும்

அந்தக் காலத்தில் உடை என்பது அந்தஸ்து. யார் எதை உடுத்தலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது.

ஜஹாங்கீரே சில உடைகளைத் தமக்கென்று வைத்துக்கொண்டார். கழுத்துப் பட்டை மடித்து, கை நுனியில் பூவேலை செய்த அங்கி ஒன்று. ஓரத்தில் பூவேலைக் கரை வைத்த அங்கி ஒன்று. பொன்னும் வெள்ளியும் கலந்து நெய்த தலைப்பாகை ஒன்று. இவற்றைப் பாதுஷா பரிசாகக் கொடுத்தால்தான் மற்றவர்கள் உடுத்தலாம். தாமாகத் தைத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது.

அதாவது, துணியின் ஓரத்தில் இருக்கும் பூவேலைக்குக்கூட ராஜாவின் அனுமதி வேண்டியிருந்தது.

நூர்ஜஹான் செய்தது இதற்கு நேர் மாறானது. அவர் புதுப் புது உடைகளைக் கண்டுபிடித்தார். அவற்றைத் தமக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. அந்தப்புரத்துப் பெண்கள் உடுத்தினார்கள். அவர்களைப் பார்த்துப் பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் உடுத்தினார்கள். பிறகு வியாபாரிகள் வீட்டுக்கும் வந்தது.

அவருக்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வாழ்ந்த காஃபிகான் என்ற சரித்திர ஆசிரியர் அந்த உடைகளை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கிறார். அவர் காலத்திலும் நூர்ஜஹான் மாதிரிகள் வழக்கத்தில் இருந்தன.

7 சவரன் எடையில் முக்காடு

அவற்றில் ஒன்று பஞ்ச்தோலியா. பஞ்ச் என்றால் ஐந்து. தோலா என்பது எடை. முக்காட்டுத் துணி முழுவதும் சேர்ந்து ஐந்து தோலாதான் இருக்கும். ஒரு தோலா, நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரைச் சவரன். ஆகவே, அந்த முக்காட்டின் எடை ஏழே கால் சவரன். கழுத்தில் போடும் ஒரு சங்கிலியின் எடையில் தலையை மூடும் துணி!

இன்னொன்று துதாமி. இது பூப் போட்ட மஸ்லின். மேலங்கி தைப்பதற்கானது. தாம் என்பது அந்தக் காலத்துச் செப்புக் காசு. இரண்டு காசு எடைதான் இருக்கும் என்பதால் அந்தப் பெயர்.

மூன்றாவது பாதலா. சரிகைத் தகட்டுக் கம்பியால் மின்னும் துணி. நான்காவது கினாரி. சரிகைக் கரை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மகாராணியின் யோசனை புரியும். துணி மெல்லியதாக இருக்க வேண்டும். வெயில் நாட்டுக்கு அதுதான் சுகம். ஆனால் மெல்லிய துணி காற்றில் பறக்கும். ஓரம் சுருளும். சீக்கிரம் நைந்து போகும். ஓரத்தில் சரிகைக் கரையை வைத்துத் தைத்தால் துணி அமைந்து நிற்கும். ஓரம் கிழியாது. பார்க்கவும் பண்டிகைக் களை வரும்.

கினாரி செய்வது எப்படி?

சரிகை நூர்ஜஹானுக்கு முன்பே இருந்தது. பொன் நூல் வேலை இந்தியாவில் மிகப் பழையது. கம்பி இழுக்கும் தொழில் எப்படி என்று தெரிந்தால்தான் கினாரியின் அருமை தெரியும்.

ஒரு வெள்ளிக் கோலை எடுப்பார்கள். அதன் மேல் மெல்லிய தங்கத் தகட்டைச் சுற்றி, நெருப்பில் காட்டி ஒட்ட வைப்பார்கள்.

பிறகு ஓர் எஃகுத் தகடு. அதில் வரிசையாகத் துளைகள். ஒன்றைவிட ஒன்று சிறியது. கோலின் முனையை முதல் துளையில் நுழைத்து மறுபக்கம் இழுப்பார்கள். கோல் கொஞ்சம் மெலியும், நீளும். அடுத்த துளையில் இழுப்பார்கள். இன்னும் மெலியும். இப்படியே இழுத்து இழுத்து, கடைசியில் தலைமுடி போல ஆகிவிடும். எவ்வளவு மெலிந்தாலும் உள்ளே வெள்ளி, மேலே தங்கம். அதுதான் அந்தத் தொழிலின் அதிசயம்.

அந்தக் கம்பியைப் பட்டடையில் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டையாக்குவார்கள். அதுதான் பாதலா. பாதலாவைப் பட்டு நூலின் மேல் இடைவெளி இல்லாமல் சுற்றினால் சரிகை நூல் கிடைக்கும். வடக்கே அதற்குக் கலாபத்து என்று பெயர்.

சிறு தறியில் பாதலாவையும் நூலையும் சேர்த்து நாடாவாக நெய்வார்கள். அதன் மேல் பூவேலை செய்வதும் உண்டு. அதுதான் கினாரி.

இதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. முழுத் துணியையும் சரிகையில் நெய்தால் ஏராளமாகப் பொன்னும் வெள்ளியும் வேண்டும். ஓரத்தில் மட்டும் வைத்தால் கொஞ்சம் போதும். துணி கிழிந்துவிட்டால் கரையைப் பிரித்து வேறு துணியில் தைத்துக்கொள்ளலாம். கரையும் பழையதாகிவிட்டால் உருக்கி வெள்ளியை எடுத்துக்கொள்ளலாம். கலியாணத்துக்கு வாங்கியது வீண் போகாது.

25 ரூபாய் கலியாண உடை

நூர்ஜஹான் செய்தவற்றில் மிகவும் புகழ் பெற்றது கலியாண உடைதான். அதற்கு நூர்மஹலி என்று பெயர். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சேர்த்துச் சரிகை உடை. விலை 25 ரூபாய்.

இது மலிவா, அதிகமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அக்பர் காலத்து விலைப் பட்டியல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. யஜ்து நகரத்துச் சரிகை வெல்வெட் ஒரு தானின் விலை 15 மொஹர் முதல் 150 மொஹர் வரை. ஒரு மொஹர் 9 ரூபாய். ஆகவே, மட்டமான ரகத்துக்கே 135 ரூபாய் வேண்டும். அதுவும் துணிக்கு மட்டும். தையல் கூலி தனி.

அதனுடன் ஒப்பிட்டால் 25 ரூபாய் மிக மலிவு. பிரபு வீட்டுப் பெண்ணைப் போலத் தன் மகளும் சரிகை உடுத்தி மணவறையில் உட்கார வேண்டும் என்று ஒரு குமாஸ்தாவோ, சிறு வியாபாரியோ ஆசைப்பட்டால், கடன்பட்டு அழியாமல் அதைச் செய்ய வழி பிறந்தது.

ஆனால் ஏழைக்கு? ஆக்ராவில் ஒரு வேலைக்காரரின் மாதச் சம்பளம் 3 அல்லது 4 ரூபாய் என்று அதே டச்சு வியாபாரி எழுதியிருக்கிறார். வேலைக்காரர் 6 மாதத்துக்கு மேல் சாப்பிடாமல் சேர்த்தால்தான் 25 ரூபாய் வரும். ஆகவே, நூர்மஹலி ஏழைக் குடிசைக்குள் நுழைய முடியாது.

இது மகாராணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஏழைப் பெண்களுக்கு அவர் வேறு ஏற்பாடு செய்தார்.

500 கலியாணங்கள்

தகப்பன் இல்லாத பெண், வரதட்சணைக்கு வழி இல்லாத பெண் என்று தெரிந்தால் நூர்ஜஹான் தம் சொந்தப் பணத்தில் கலியாணம் செய்து வைப்பார். சீர் கொடுத்து அனுப்புவார். இப்படி 500 பெண்களுக்கு மேல் அவரால் வாழ்வு பெற்றார்கள் என்று அவர் காலத்திலேயே இருந்த சரித்திர ஆசிரியர் முத்தமித்கான் எழுதி வைத்திருக்கிறார்.

முத்தமித்கான் நூர்ஜஹானின் ஆள் அல்ல. நூர்ஜஹானின் கையில் அதிகாரம் போனதை அவர் குறையாகவே எழுதியவர். அப்படிப்பட்டவரும் இந்தத் தருமத்தை மறைக்கவில்லை.

இரண்டு கோவேறு கழுதைகளுடன் வந்த குடும்பத்தில் பிறந்தவர் நூர்ஜஹான். கையில் காசில்லாத பெற்றோரின் கவலை அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

முத்துப் பூ அங்கி

நூர்ஜஹானின் குடும்பம் உச்சத்தில் இருந்தது. தகப்பனார் பிரதம மந்திரி. அண்ணன் ஆசப்கான் பெரிய அதிகாரி. தாயார் அஸ்மத் பேகமும் கெட்டிக்காரி. பன்னீர் காய்ச்சும்போது மேலே மிதந்த எண்ணெயைச் சேர்த்து எடுத்தார். அதுதான் ரோஜா அத்தர். ஜஹாங்கீர் அதற்காக அவருக்கு முத்துமாலை பரிசளித்தார்.

அண்ணன் ஆசப்கானின் மகளை ஜஹாங்கீரின் மகன் குர்ரம் மணந்திருந்தார். அந்தப் பெண்தான் மும்தாஜ். குர்ரம்தான் பிற்காலத்து ஷாஜஹான்.

1617-ல் குர்ரம் தக்காணப் போரில் வென்று திரும்பினார். நூர்ஜஹான் அவருக்குப் பெரிய விருந்து வைத்தார். பரிசுகளைக் கொட்டினார். பூவேலை செய்து முத்துப் பதித்த அங்கி. ஓரம் முழுவதும் முத்துக் குஞ்சம் தொங்கும் தலைப்பாகை. முத்து இழைத்த இடைக்கச்சை. விருந்துக்கும் பரிசுக்கும் ஆன செலவு 3 லட்சம் ரூபாய்.

ஒரு தாய் தன் மகனுக்குச் செய்வது போல அவர் அன்று செய்தார். ஆனால் அந்த அன்பு நீடிக்கவில்லை.

நூர்ஜஹான் தம் மகள் லாட்லியை ஜஹாங்கீரின் கடைசி மகன் ஷாரியாருக்குக் கட்டிக் கொடுத்தார். தம் மருமகன் பட்டத்துக்கு வர வேண்டும் என்று விரும்பினார். குர்ரம் இதைக் கண்டு கொதித்தார். 1622-ல் கலகம் செய்தார். குடும்பம் இரண்டாகப் பிளந்தது.

அதற்குள் தாயார் இறந்தார். சில மாதங்களில் தகப்பனாரும் இறந்தார். ஆக்ராவில் யமுனைக் கரையில் அவர்களுக்கு நூர்ஜஹான் ஒரு சமாதி கட்டினார். முழுவதும் வெள்ளைச் சலவைக்கல். கல்லைக் குடைந்து வண்ணக் கற்களால் பூவும், கொடியும், ஜாடியும் இழைத்திருக்கிறார்கள். கல்லில் பூவேலைத் துணியைப் போர்த்தியது போல இருக்கும். தாஜ்மகாலுக்கு முன்பே கட்டியது அது. தாஜ்மகாலைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

ஆற்றின் நடுவே

1626-ல் பெரிய ஆபத்து வந்தது. மகபத்கான் என்ற தளபதி கலகம் செய்தார். ஜீலம் நதிக்கரையில் பாதுஷா தங்கியிருந்தார். படைகள் ஆற்றைக் கடந்து முன்னே போய்விட்டன. அந்த நேரம் பார்த்து, மகபத்கான் தம் ராஜபுத்திர வீரர்களுடன் வந்து பாதுஷாவைச் சிறை பிடித்தார்.

நூர்ஜஹான் யார் கண்ணிலும் படாமல் ஆற்றைக் கடந்து படையிடம் போனார். பாதுஷாவைத் தனியே விட்டு வந்ததற்காகத் தளபதிகளைக் கடிந்துகொண்டார். மறுநாள் யானை மீது ஏறி, தாமே படையை நடத்தி ஆற்றில் இறங்கினார். அம்பாரியில் அவருடன் பச்சைக் குழந்தையான பேத்தியும், அதன் தாதியும் இருந்தார்கள்.

அம்புகள் பறந்து வந்தன. ஓர் அம்பு தாதியின் கையில் தைத்தது. நூர்ஜஹான் அதைத் தம் கையாலேயே பிடுங்கி எறிந்தார். அவர் உடை எல்லாம் ரத்தம். யானைக்கும் காயம். வெள்ளத்தில் படை சிதறிப் போயிற்று.

போரில் தோற்றதும் அவர் ஓடி ஒளியவில்லை. தாமாகவே போய்க் கணவருடன் சிறையில் இருந்தார். மெல்ல மெல்லத் தந்திரம் செய்தார். சில மாதங்களுக்குள் பாதுஷாவை மீட்டுவிட்டார். மகபத்கான் ஓடிப் போனார்.

வெள்ளை உடை

1627-ல் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில் ஜஹாங்கீர் இறந்தார். நூர்ஜஹானின் அதிகாரம் அன்றோடு முடிந்தது.

அண்ணன் ஆசப்கான் தம் மருமகன் ஷாஜஹான் பக்கம் நின்றார். தங்கையையே காவலில் வைத்தார். ஷாரியார் தோற்றார். அவர் கண்களைக் குருடாக்கினார்கள். சில வாரங்களில் கொன்றும்விட்டார்கள். தாயும் மகளும் இருவருமே விதவை ஆனார்கள்.

1628-ல் ஷாஜஹான் பட்டத்துக்கு வந்தார். முத்துப் பூ அங்கியை யார் தோளில் போர்த்தினாரோ, அவரிடமே நூர்ஜஹான் படி வாங்கி வாழ வேண்டியதாயிற்று. ஷாஜஹான் பணத்தில் குறை வைக்கவில்லை. ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார்.

நூர்ஜஹான் லாகூரில் மகளுடன் தங்கினார். அரசியலைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேளிக்கைகளுக்குப் போகவில்லை. அன்று முதல் வெள்ளை உடைதான். சரிகை இல்லை, கரை இல்லை, பூவேலை இல்லை. நாட்டுப் பெண்களுக்கு எல்லாம் கலியாண உடை தந்த கை, தமக்கென்று ஒரு வண்ணத் துணியும் எடுக்கவில்லை.

இப்படி 18 ஆண்டுகள். லாகூருக்கு அருகில் ஷாதரா என்ற இடத்தில் ஜஹாங்கீரின் சமாதி எழும்பியது. அதன் பக்கத்தில் தமக்கும் ஒரு சமாதி கட்டிக்கொண்டார்.

1645-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி நூர்ஜஹான் இறந்தார். வயது 68. பிற்பாடு மகள் லாட்லியையும் அவர் அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

அந்தச் சமாதியின் சலவைக்கற்களைப் பிற்காலத்தில் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் அதற்கும் ஜஹாங்கீர் சமாதிக்கும் நடுவே ரெயில் பாதை போட்டுவிட்டார்கள். கணவர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம்.

இன்றும் மின்னுகிறது

மொகலாய ராஜ்யம் மறைந்துவிட்டது. ஆனால் கினாரி மறையவில்லை.

டில்லியில் சாந்தினி சௌக் அருகே ஒரு குறுகிய சந்து இருக்கிறது. அதன் பெயரே கினாரி பஜார். இரண்டு பக்கமும் கடைகள். கடை முழுவதும் சரிகை நாடாக்கள். கலியாணம் வைத்திருப்பவர்கள் தாயும் மகளுமாக வந்து, முழம் போட்டு வாங்கிப் போகிறார்கள். ஆக்ராவிலும் ஒரு கினாரி பஜார் உண்டு. ராஜஸ்தானில் இதே வேலையைக் கோட்டா என்று சொல்கிறார்கள். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து அதை இலையாகவும் பூவாகவும் மடித்துத் தைத்துச் சம்பாதிக்கிறார்கள்.

சூரத்தில் இன்றும் சரிகை செய்கிறார்கள். நம் காஞ்சிபுரத்துப் பட்டுக்கும் அங்கிருந்து சரிகை வருகிறது.

இப்போது எல்லாமே பொன்னும் வெள்ளியும் அல்ல. செம்புக் கம்பியில் செய்வது உண்டு. பிளாஸ்டிக் தாளில் உலோகப் பூச்சுப் பூசிச் செய்வதும் உண்டு. அது கறுக்காது, விலையும் குறைவு. ஆனால் பழைய கரையைப் போல உருக்கி வெள்ளி எடுக்க முடியாது. நூர்ஜஹான் காலத்தில் எட்டாமல் இருந்த ஏழை வீட்டுக்கும் இன்று அந்த மின்னல் எட்டியிருக்கிறது.

நூர்ஜஹான் பெயர் பொறித்த நாணயங்களைக் காட்சிசாலையில்தான் பார்க்க முடியும். அவர் பரப்பிய சரிகைக் கரையை, கலியாணம் நடக்கும் எந்த வீட்டிலும் பார்க்கலாம்.